விரல் போகும் வேகம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டார்ச் விளக்குப் பழுது பற்றி எழுதும்போது, "முதலில் ஸ்லைடு சுவிட்சைப் பத்துமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஆகவே, விரலால் தள்ளி இயக்கும் அந்தச் சின்னஞ்சிறு பொருளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கிவிட்டேன்.

*

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பழைய விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய ஸ்லைடு சுவிட்சில் மூன்று கால்கள் இருக்கின்றன. ஓரத்துக் கால்கள் இரண்டிலும் ஒயர் இணைத்தேன். எந்தப் பக்கம் தள்ளினாலும் எல்.இ.டி. எரியவில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டதா? மூன்றாவது கால் எதற்கு?
– மாணவர், திருவொற்றியூர்

தம்பி, சுவிட்ச் கெடவில்லை. நீ தேர்ந்தெடுத்த இரண்டு கால்களும் எந்த நிலையிலும் ஒன்றோடொன்று சேராதவை, அவ்வளவுதான்.

உன் ஊருக்குப் பக்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து உங்கள் நிலையம் வழியாக வரும் மின்சார ரயில், கொருக்குப்பேட்டைக்கு வந்ததும் சென்ட்ரல் பக்கமும் போகலாம், கடற்கரை நிலையத்தின் பக்கமும் போகலாம். தண்டவாளத்தின் நகரும் பகுதி எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறதோ அந்தப் பக்கம் போகும். உன் சுவிட்சின் நடுக்கால்தான் கும்மிடிப்பூண்டித் தடம். ஓரத்துக் கால்கள் இரண்டும் சென்ட்ரலும் கடற்கரையும். நீ செய்தது, சென்ட்ரலில் ஏறிக் கொருக்குப்பேட்டை வழியாக நேராகக் கடற்கரை நிலையத்துக்குப் போக நினைத்ததைப் போன்றது. வண்டியைத் திருப்பாமல் அது நடக்காது.

நடுக்காலைப் பொதுக்கால் என்று வைத்துக்கொள். குமிழை இடப்பக்கம் தள்ளினால் நடுக்காலும் இடக்காலும் சேரும். வலப்பக்கம் தள்ளினால் நடுக்காலும் வலக்காலும் சேரும். குமிழ் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கால் என்பது பெரும்பாலான ஸ்லைடு சுவிட்சுகளுக்குப் பொருந்தும். நெம்புகோல் போல் மேலும் கீழும் சாயும் டாகிள் சுவிட்சில் இது தலைகீழாக இருக்கும். குச்சி இடப்பக்கம் சாய்ந்தால் உள்ளே சேர்வது வலக்கால். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் ஒயரை மாற்றி மாற்றிப் பற்றவைத்து ஓய்ந்துபோன தொழிற்பயிற்சி மாணவர்களை என் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெறுமனே எரியவும் அணையவும் மட்டும் வேண்டுமென்றால், நடுக்காலையும் ஏதேனும் ஓர் ஓரக்காலையும் பயன்படுத்திக்கொண்டு, மற்றதைச் சும்மா விட்டுவிடு. அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. மூன்று கால்களையும் பயன்படுத்தினால், ஒரு பக்கம் சிவப்பு விளக்கும் மறுபக்கம் பச்சை விளக்கும் எரிய வைக்கலாம். ஒரு வழி வந்து இரண்டாகப் பிரியும் இந்த அமைப்பைத்தான் கடையில் எஸ்.பி.டி.டி. என்று கேட்டு வாங்குவார்கள்.

கையில் பழைய சுவிட்ச் இருப்பதால் அதைத் திறந்தும் பார்த்துவிடு. நான் எழுதும் பத்து வரிகளைவிட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். தகரக் கூட்டின் அடியில் மடித்துவிடப்பட்ட நாக்குகள் இருக்கும். அவற்றைப் பேனாக்கத்தி முனையால் நிமிர்த்தினால் கூடு கழன்று வரும். குமிழின் வயிற்றுக்குள் ஒரு சிறு உலோகத் தகடு, வளைந்த வில் போல, உட்கார்ந்திருக்கும். கால்களின் உள்முனைகள் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். வில் தகட்டின் நீளம் இரண்டு முனைகளைப் பிடிக்கப் போதும். மூன்றையும் பிடிக்கப் போதாது. சுவிட்சின் அறிவு முழுவதும் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. பெரிய வகையாக இருந்தால் கடுகளவு எஃகுக் குண்டும் அதன்கீழ் ஒரு சுருள்வில்லும் இருக்கக்கூடும். குமிழைத் தள்ளும்போது விரலில் உணரும் அந்தச் சிறு 'டிக்', குண்டு ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு இறங்குவதுதான். கூட்டைப் பிரிக்கும்போது வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைத்துக்கொள். துள்ளி ஓடிய குண்டைத் தரையில் தேடிக் கண்டெடுத்தவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

*

எங்கள் வீடு காசிமேட்டில், கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. எமர்ஜென்சி விளக்கின் ஸ்லைடு சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்கிறது. குமிழை அழுத்திப் பிடித்தால் நன்றாக எரிகிறது. கையை எடுத்தால் மங்கிவிடுகிறது. உப்புக் காற்றுதான் காரணமா? புதிய விளக்கே வாங்கிவிடலாமா?
– இல்லத்தரசி, காசிமேடு

உப்புக் காற்று பாதிக் காரணம், அம்மா. மீதிப் பாதி, அந்தச் சுவிட்சை நீங்கள் அதிகம் தள்ளாமல் இருப்பது.

இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடுவதாக நம் கண்ணுக்குத் தெரிந்தாலும், நுண்ணோக்கியின் அளவில் பார்த்தால் அவை மேடும் பள்ளமுமாக இருப்பதால், ஒருசில மேட்டு முனைகளில் மட்டுமே உண்மையாகத் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போகிறது. தொடுமுனைகள் பெரும்பாலும் பித்தளையாலோ பாஸ்பர் வெண்கலத்தாலோ செய்யப்பட்டு, மேலே மெல்லிய வெள்ளி முலாம் பூசப்பட்டிருக்கும். முலாம் தேய்ந்த இடத்தில் கடல் உப்பு அந்த உலோகங்களிலுள்ள செம்பைப் பிடித்துப் பச்சை பூக்க வைக்கும். முலாம் தேயாத இடத்தில் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்க வைக்கும். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் இதே காரணத்தால்தான். அந்தப் படலங்கள் தொடும் புள்ளிகளுக்கு இடையே திரைபோல் நிற்கின்றன. நீங்கள் அழுத்தும்போது திரை கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. கையை எடுத்தால் பழைய நிலை.

இதற்கான மருந்தும் சுவிட்சுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லைடு சுவிட்சின் தொடுமுனைகள் நேராக வந்து முட்டுபவை அல்ல. ஒன்றன்மீது ஒன்று உரசிக்கொண்டே நகர்பவை. ஒவ்வொரு தள்ளலிலும் பாத்திரம் துலக்குவதுபோல் அவை தம்மைத் தாமே துலக்கிக்கொள்கின்றன. தினமும் தள்ளப்படும் சுவிட்ச் உப்புக் காற்றிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மின்வெட்டு வந்தால் மட்டும் எடுக்கும் விளக்கின் சுவிட்சோ மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிடுவதால், துலக்க ஆளில்லாமல் கறுத்துப்போகிறது.

மங்குவதற்கு ஒரு கணக்கு. நல்ல நிலையில் உள்ள சுவிட்சின் தொடு மின்தடை சில பத்து மில்லி ஓம்தான், இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். அது கறுத்துப்போய் 2 ஓம் ஆகிவிட்டதாகக் கொள்வோம். 4 வோல்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்கு 0.5 ஆம்பியர் போனால், சுவிட்சிலேயே 1 வோல்ட் இழப்பாகிறது. பேட்டரி தருவதில் கால் பங்கு விளக்கைச் சேரவே இல்லை. இழந்த அரை வாட் வெப்பமாகி அந்தச் சிறு பிளாஸ்டிக் கூட்டைச் சூடாக்கி, வில் தகட்டின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. இறுக்கம் தளர்ந்தால் தடை இன்னும் கூடும். பழுது படிப்படியாக வளர்வது இப்படித்தான்.

சார்ஜர் ஒயரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரியின் ஓர் இணைப்பையும் கழற்றிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டைக் குமிழின் இடுக்கில் விட்டு, இருபது முப்பது முறை தள்ளுங்கள். நன்றாக உலர்ந்தபின் இணைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்குச் சரியானதுபோல் இருக்கும், பிறகு வீட்டுத் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாளும் வேண்டாம், ஏனென்றால் முலாமின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நீங்கள் தேய்க்கும் முதல் தேய்ப்பிலேயே அது போய்விடும்.

சரியாகவில்லை என்றால் சுவிட்சை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அதன் விலை பெரும்பாலும் ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது. மாற்றுபவர் ஒவ்வொரு காலிலும் சால்டரிங் கம்பியை மூன்று நொடிக்கு மேல் வைக்காமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் காலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, புதுச் சுவிட்ச் அங்கேயே பழைய சுவிட்ச் ஆகிவிடும்.

*

பள்ளிக் கண்காட்சிக்காக என் மகன் சிறிய பளு தூக்கும் கருவி செய்கிறான். ஒரே சுவிட்சால் மோட்டார் மேலேயும் கீழேயும் சுற்ற வேண்டும். ஆறு கால் ஸ்லைடு சுவிட்ச் வாங்கினோம், எப்படி இணைப்பது? மோட்டாருக்கு டையோடு போட வேண்டும் என்கிறார்களே?
– தந்தை, வியாசர்பாடி

ஆறு கால் சுவிட்ச் என்பது, முதல் பதிலில் சொன்ன மூன்று கால் சுவிட்ச் இரண்டை அக்கம்பக்கமாக வைத்து, ஒரே குமிழால் நகர்த்துவது. டி.பி.டி.டி. என்பார்கள். கால்கள் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும். நடுக்கால்கள் இரண்டிலும் மோட்டாரின் இரண்டு ஒயர்களை இணையுங்கள். மேல் ஓரத்துக் கால்கள் இரண்டில் பேட்டரியின் நேர்முனையையும் எதிர்முனையையும் இணையுங்கள். பிறகு மேல் ஓரத்து இடக்காலிலிருந்து கீழ் ஓரத்து வலக்காலுக்கும், மேல் ஓரத்து வலக்காலிலிருந்து கீழ் ஓரத்து இடக்காலுக்கும் பெருக்கல் குறிபோல் இரண்டு துண்டு ஒயர்கள், ஒன்றையொன்று தொடாதபடி. குமிழை மேலே தள்ளினால் மோட்டாருக்கு நேர்முனை ஒரு பக்கம் வரும். கீழே தள்ளினால் மறுபக்கம் வரும். மோட்டார் திரும்பிச் சுற்றும். நடுவில் நிற்கும் நிலையும் உள்ள மூன்று நிலைச் சுவிட்சாக வாங்கினால், பளுவை அந்தரத்தில் நிறுத்தவும் செய்யலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில சுவிட்சுகள் பழைய தொடுமுனையை விட்டபிறகே புதியதைப் பிடிக்கும். வேறு சில, புதியதைப் பிடித்தபிறகே பழையதை விடும். இரண்டாவது வகை இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. குமிழ் பாதி வழியில் இருக்கும்போது மேல் கால், நடுக்கால், கீழ்க் கால் மூன்றும் ஒரு கணம் ஒன்றுசேர, பெருக்கல் குறி ஒயர்கள் வழியாகப் பேட்டரியின் இரு முனைகளும் நேராகச் சந்தித்துக் குறுக்குச்சுற்று ஆகிவிடும். பேட்டரியை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒரு வரிசையின் ஓரக்கால்கள் இரண்டையும் தொட்டுக்கொண்டு குமிழை மிக மெல்ல நகர்த்துங்கள். வழியில் எங்கேனும் 'பீப்' கேட்டால் அந்தச் சுவிட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம், பற்றிச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஒரே திசையில் சுற்றும் மோட்டாருக்கு அது சரி. திசை மாறும் மோட்டாருக்குக் குறுக்கே ஒற்றை டையோடைப் போட்டால், ஒரு திசையில் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும். அதற்குப் பதிலாக, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பற்றவைத்தால், சுவிட்சின் தொடுமுனைகள் விலகும்போது எழும் தீப்பொறியின் கடுமை ஓரளவு குறையும். பளு அதிகமாகி மோட்டார் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், வழக்கமாக ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த நேரத்தில் குமிழைத் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.

*

மேசை மின்விசிறியின் சுவிட்ச் போய்விட்டது. வீட்டில் சும்மா கிடந்த ஸ்லைடு சுவிட்சைப் போட்டேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கருகிய வாடை வந்தது. சுவிட்ச் என்றால் சுவிட்ச்தானே?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

முதலில் அதைக் கழற்றி எறியுங்கள். பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள சுவிட்சை மெதுவாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாதி அழுத்தம்வரை எதுவும் நடக்காது. ஓர் எல்லையைத் தாண்டியதும் உங்கள் விரலைக் கேட்காமலே அது 'டக்' என்று மறுபக்கம் பாயும். உள்ளே இருக்கும் சுருள்வில் அதைப் பாயவைக்கிறது; நீங்கள் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் தொடுமுனைகள் விலகும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்லைடு சுவிட்சுக்கு அப்படிச் சொந்த வேகம் கிடையாது. விரல் போகும் வேகத்தில்தான் அதன் தொடுமுனைகள் விலகும். கை நடுக்கத்தோடு மெல்லத் தள்ளினால், அவை ஒட்டியும் ஒட்டாமலும் நீண்ட நேரம் நிற்கும்.

அந்த இடைவெளியில்தான் மின்வில், அதாவது காற்றைக் கடந்து பாயும் விடாத தீப்பொறி, பிறக்கிறது. வெள்ளித் தொடுமுனைகளுக்கு இடையே சுமார் 12 வோல்ட்டுக்குக் கீழ் மின்வில் நிலைத்து நிற்பதில்லை என்பதால், 3 வோல்ட் டார்ச்சில் எவ்வளவு சோம்பலாகத் தள்ளினாலும் கேடில்லை. 230 வோல்ட்டிலோ, தொடுமுனைகள் மயிரிழை விலகியதுமே நடுவிலுள்ள காற்று பற்றிக்கொள்கிறது. மின்விசிறியின் கம்பிச்சுருள் தன்னில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்பதை எதிர்ப்பதால், அந்த வில்லை இன்னும் இழுத்துப் பிடிக்கிறது. வில்லின் வெப்பத்தில் வெள்ளி ஆவியாகிறது, பிளாஸ்டிக் கருகுகிறது, கருகிய கரியே மின்சாரத்துக்கு வழியாகிறது. உங்களுக்கு வந்த வாடை அதுதான்.

நம் வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம் என்பதால், நொடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) தொட்டுவிட்டுப் போகிறது; ஒவ்வொரு முறையும் வில் அணைய ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அதே வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. கூரைச் சோலார் தகடுகளின் இணைப்பில் சாதாரணச் சுவிட்சைப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். சுவிட்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கும்போது, மாறுதிசைக்கான அளவு எது, நேர்திசைக்கான அளவு எது என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

மின்னணுக் கருவிகளில் வரும் சிறிய ஸ்லைடு சுவிட்சின் தாங்கும் அளவு பெரும்பாலும் 50 வோல்ட் நேர்திசை, 0.5 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. வீட்டு வேலைக்கான சுவிட்சில் 6 ஆம்பியர் அல்லது 16 ஆம்பியர் என்றும், 240 வோல்ட் என்றும், ஐ.எஸ். 3854 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். விசிறிக்கு உரிய சுவிட்சையே கேட்டு வாங்கிப் போடுங்கள். பக்கத்தில் ஸ்லைடு சுவிட்சும் அதேபோல் இருக்கிறதே என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

*

பர்மா பஜாரில் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்று வாங்கினேன். பின்பக்கம் 115 / 230 என்று சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருக்கிறது. சற்று முன் நீங்கள் எழுதிய பதிலின்படி, 230 வோல்ட்டுக்கு ஸ்லைடு சுவிட்ச் ஆகாதே? இது எப்படி?
– கல்லூரி மாணவர், இராயபுரம்

நீங்கள் கேட்பதைப் பார்த்தால் அச்சுக்குப் போகும் முன்பே என் பதிலைப் படித்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. (உண்மையில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இந்தப் பக்கத்துக்குப் பொருந்துமாறு நான்தான் மாற்றினேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்தச் சுவிட்ச் ஓடும் மின்னோட்டத்தை நிறுத்துவதற்காக வைத்ததல்ல. ஒயரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் இல்லாதபோது ஒருமுறை தள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுவதற்காக வைத்தது. மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் வில் பிறக்காது. விரல்நுனி எட்டாதபடி அதைக் குழிக்குள் வைத்து, திருப்புளி முனையால்தான் நகர்த்த முடியும்படி செய்திருப்பதும் இதற்காகத்தான்.

உள்ளே தலா 200 வோல்ட் தாங்கும் பெரிய கெபாசிட்டர்கள் இரண்டு தொடராக நிற்கும். சுவிட்ச் 230 நிலையில் இருந்தால், வரும் மின்சாரத்தின் உச்சமான சுமார் 325 வோல்ட்டை இரண்டும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். 115 நிலைக்குத் தள்ளினால், கெபாசிட்டர்களின் நடுப்புள்ளி வரும் ஒயர் ஒன்றோடு இணைந்து, ஒவ்வொரு கெபாசிட்டரும் முழு உச்சத்தையும் தனியாக வாங்கிக்கொள்ளும் இரட்டிப்புச் சுற்றாக மாறிவிடும். 115 வோல்ட் உள்ள நாட்டில் அதன் உச்சம் சுமார் 162 வோல்ட் என்பதால் எல்லாம் நலம். நம் ஊரில் அந்த நிலையில் வைத்தால் 200 வோல்ட் கெபாசிட்டரின் தலையில் 325 வோல்ட் ஏறும்.

என் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு பையன், துடைக்கும்போது அந்தக் குமிழைத் திருப்புளியால் சும்மா தள்ளியிருக்கிறான், எவரும் கவனிக்கவில்லை. மாலையில் நான்தான் பிளக்கைச் செருகினேன். வெடிச்சத்தமும், கூட்டின் துளைகள் வழியே வெளிவந்த வெண்புகையும், தெருமுனைவரை போன அந்த மீன்வாடை போன்ற நாற்றமும் இன்னும் நினைவிருக்கின்றன. பையன்மேல் தவறில்லை, செருகும் முன் எண்ணைப் பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து பட்டறைக்கு வரும் ஒவ்வொரு பழைய பவர் சப்ளையிலும் குமிழை 230இல் வைத்து, மேலே ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அண்மைக் கால பவர் சப்ளைகள் பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும் அமைப்பு வந்துவிட்டதால், இந்தச் சிவப்புக் குமிழ் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

*

நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோவில் ஸ்லைடு சுவிட்சை இணைத்து எண்ணிக்கை எடுத்தேன். ஒருமுறை தள்ளினால் நான்கு, ஐந்து என்று எண்ணுகிறது. ஏன்?
– பொறியியல் மாணவி, பெரம்பூர்

தொடுமுனைகள் உரசி நகரும்போது சில மில்லி நொடிகளுக்குச் சேர்ந்தும் பிரிந்தும் துள்ளுகின்றன. நம் கண்ணுக்கு ஒரு தள்ளல், பலகைக்கு ஐந்து தள்ளல். முதல் மாற்றம் தெரிந்ததும் 20 மில்லி நொடி காத்திருந்து மறுபடி படிக்கும்படி நிரலை எழுதுங்கள். மெதுவாகத் தள்ளுபவர்களுக்கு அது போதாமல் போனால் 50 ஆக்குங்கள். நடுக்காலை உள்ளீட்டு முனைக்கும், ஓரக்கால்களை 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் (பலகையில் GND என்ற முனை) இணைத்திருந்தால், குமிழ் நடுவழியில் இருக்கும் கணத்தில் உள்ளீடு எங்கும் சேராமல் தொங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே போட வேண்டும்.

*

ஸ்லைடு சுவிட்சுக்கு நேர்முனை, எதிர்முனை உண்டா? மாற்றி இணைத்தால் கெட்டுவிடுமா?
– வாசகர், எண்ணூர்

சாதாரணச் சுவிட்சுக்கு இல்லை. குமிழுக்குள் சிறு விளக்கு பொருத்திய வகையாக இருந்தால் மட்டும், அந்த விளக்குக்குரிய கால்களைப் பார்த்து இணையுங்கள்.